மிச்சக் காயை யார் எடுப்பது?

கேள்வி இது: "நாங்கள் நான்கு நண்பர்கள், ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. உத்திரமேரூர் பக்கம் சிறு விவசாயிகளிடம் நேரடியாகக் காய்கறி வாங்கி, சோழிங்கநல்லூர், நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு விற்கலாம் என்று இருக்கிறோம். இடைத்தரகர் இல்லாவிட்டால் அவர்கள் வறுமையிலிருந்து மேலே வருவார்கள் என்று நம்புகிறோம். இது சரியான வழிதானா? இல்லை, வேறு புதிய தொழில் முறைகள் இருக்கின்றனவா?"

இதே யோசனையோடு பதினோரு வருடம் முன்னால் நானும் ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்கு எடுத்தவன். வேளச்சேரியில் பதினான்கு மாதம் நடத்தி மூடினேன். அதன் பிறகு, விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கணக்கும் திட்ட அறிக்கையும் தயார் செய்து கொடுக்கும் வேலைக்கு வந்து, இன்றுவரை அதில்தான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் தோல்வி. விடியற்காலையில் பறித்த வெண்டை, கத்தரி, கீரை எல்லாம் ஏழு மணிக்குள் வேளச்சேரி வந்துவிடும். கோயம்பேட்டு விலையைவிடக் கிலோவுக்கு 4 ரூபாய் கூடவே கொடுத்தோம். எடை போட்ட இடத்திலேயே காசு. மூன்றாவது மாதம், கத்தரி கொடுத்துவந்த ஒரு பெரியவர், "நாளையிலேர்ந்து வேணாம் தம்பி" என்றார். காரணம் கேட்டால் சிரித்தார். அவர் மகள்தான் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு பறிப்புக்கு 300 கிலோ வரும். நான் எடுப்பது 80 கிலோ. சொத்தை இல்லாத, பளபளப்பான, ஒரே அளவுக் காய். மிச்சம் 220 கிலோவை அவர் கோயம்பேட்டுக்குத்தான் அனுப்பியாக வேண்டும். மூட்டையை அவிழ்த்துப் பார்த்த மண்டிக்காரர், நல்ல காயெல்லாம் எடுத்துவிட்ட சரக்கு இது என்று கிலோவுக்கு 2 ரூபாய் இறக்கிவிட்டார். நான் கூடக் கொடுத்தது 320 ரூபாய். அங்கே போனது 440.

அடுக்குமாடிக்காரர்கள் மேல் தப்பு இல்லை; நானும்தான் சொத்தைக் கத்தரி வாங்க மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எந்தத் தொழில் திட்டத்தை யார் கொண்டுவந்து காட்டினாலும், நான் முதலில் கேட்பது மிச்சக் காயை யார் எடுப்பது என்றுதான். இதற்குப் பதில் இல்லாத திட்டத்தில் ஆதாயம் உங்களுக்கு, நஷ்டம் அவருக்கு.

இடைத்தரகர் விஷயத்துக்கு வருவோம். 2024 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி ஆய்வு ஒன்றின்படி, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 ரூபாய். வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மிச்சம் 67 ரூபாயைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். அந்த 67-க்குள்தான் லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழியில் நசுங்குவது, கமிஷன், கடை வாடகை, சாயங்காலம் வாடிப்போய்ப் பாதி விலைக்குத் தள்ளுவது எல்லாம் இருக்கின்றன. இடைத்தரகரை எடுத்துவிடலாம், அவர் செலவை எடுக்க முடியாது. அது உங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கோயம்பேட்டு மண்டிக்காரர் வழக்கமாக நூற்றுக்குப் பத்து கமிஷன் எடுக்கிறார் என்று திட்டுகிறோம். அவர் என்ன செய்கிறார் என்றும் பார்க்க வேண்டும். எவ்வளவு சரக்கு வந்தாலும் வேண்டாம் என்று திருப்புவதில்லை. நல்லது, கெட்டது சேர்த்தே எடுக்கிறார். மோட்டார் எரிந்துபோனால், பெண்ணுக்கு நிச்சயம் ஆனால், ஒரு போனில் முன்பணம் வரும். பட்டா, சிட்டா, அடங்கல் ஒன்றும் கேட்க மாட்டார். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேட்டை மூடி, திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறக்கும் வரையிலான அந்தச் சில நாட்களில்தான், மண்டி என்ற ஒன்று இல்லாவிட்டால் காய் எங்கே போகும் என்பது பலருக்கும் உறைத்தது. அதற்காக அவரைத் தியாகி ஆக்கவும் வேண்டாம். முன்பணம் வாங்கியவர் வேறு மண்டிப் பக்கம் தலைவைக்க முடியாது. விலை ஏன் குறைந்தது என்று வாய் திறந்து கேட்கவும் முடியாது. அவர் வங்கியாகவும் காப்பீடாகவும் இருக்கிறார், அதற்கான வட்டியை விலையில் எடுத்துக்கொள்கிறார். அவருக்குப் பதிலாக வருகிறவர் இந்த வேலைகளையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

இப்போது வறுமைக் கணக்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயி பயிர் செய்யும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. 2 ஏக்கர் நெல் என்றே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 25 குவிண்டால், அரசுக் கொள்முதல் விலை குவிண்டால் 2,500 என்றால் 62,500 ரூபாய். உழவு, நாற்று, உரம், களை, அறுவடை இயந்திர வாடகை என்று 35,000 போனால் நிற்பது 27,500. இது தோராயம்தான், ஊருக்கு ஊர் மாறும். தண்ணீர் இருந்து இரண்டு போகமும் தேறினால் வருடத்துக்கு 1,10,000. நீங்கள் கூடுதலாக 10 சதவீதம் விலை கொடுத்தால் அவருக்கு வருடம் 25,000 கூட வரும். குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டில் ஒரு போகம் கதிர் முற்றும் நேரத்து மழையில் போனால்? ஒன்றில் வந்த லாபம் 55,000. இன்னொன்றில் போட்ட முதல் 70,000 போச்சு. வருடக் கணக்கு 15,000 ரூபாய் கடனில் முடியும்.

சிறு விவசாயியை ஏழையாகவே வைத்திருப்பது குறைந்த விலை மட்டும் இல்லை. மழை, விலைச் சரிவு, அழுகல், கையில் காசில்லாத அறுவடை மாதம், எல்லா அடியும் அந்த 2 ஏக்கர் மேலேயே விழுகிறது. அந்த அடியில் கொஞ்சத்தையாவது தான் வாங்கிக்கொள்கிற தொழில்தான் அவரை மேலே தூக்கும். வெறும் செயலி தூக்காது. 2015-இல் சென்னையில் தொடங்கிய வேகூல், அதே வருடம் பெங்களூரில் தொடங்கிய நிஞ்ஜாகார்ட் போன்ற, பெரிய முதலீடு திரட்டிக் காய்கறி வினியோகத்தில் இறங்கிய நிறுவனங்களையும் இந்த அளவுகோலால்தான் நான் பார்க்கிறேன்: அடியில் எவ்வளவு பங்கை அவை ஏற்கின்றன?

இன்னொரு புள்ளிவிவரம். 2019-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 77-வது சுற்றில், நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரில் வந்தது 3,798, கூலியில் வந்தது 4,063. பேருக்கு விவசாயி, வருமானத்தில் கூலிக்காரர். அதனால் அவர் ஒரு நாளைச் செலவழித்துத் தரம் பிரிக்க வேண்டும், கூட்டத்துக்கு வர வேண்டும், சந்தையில் உட்கார வேண்டும் என்றெல்லாம் கேட்கும் திட்டத்துக்கு ஒரு நாள் கூலியையும் செலவில் எழுதுங்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை அருமையான ஏற்பாடு, கமிஷனே இல்லை. வீட்டில் காய் விற்க ஒரு ஆள் இருக்கிற குடும்பத்துக்குத்தான் அது கைகொடுக்கும்.

அப்படியானால் எது வேலை செய்தது? பால். புதுசாக ஒன்று கேட்டால் பழைய கதை சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். இரண்டு மாடு வைத்திருக்கிற அம்மா சொசைட்டியில் காலை, மாலை ஊற்றுகிறார். கொழுப்பும் கொழுப்பற்ற சத்தும் பார்த்து விலை; முகத்தைப் பார்த்து இல்லை. பத்து பதினைந்து நாளில் பால் காசு. அது தாமதமானால் ஊரே சாலைக்கு வந்துவிடும், அது வேறு விஷயம். ஆனால் அந்த முறையின் உயிர் இதில் எதுவும் இல்லை. 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்ற கூட்டுறவு தொடங்கியபோது, குளிர்காலத்தில் எருமைகள் அதிகமாகக் கறக்கும். அந்த உபரியைப் பம்பாய் எடுத்துக்கொள்ளாது. மிச்சக் காய் பிரச்சினையேதான், பாலில். 1955 அக்டோபர் 31 அன்று ஆனந்தில் நேரு திறந்துவைத்த ஆலை அந்த உபரியைப் பவுடரும் வெண்ணெயும் ஆக்கியது. அதன் பிறகுதான் எவ்வளவு பால் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லாமல் இருக்க முடிந்தது.

தக்காளிக்கும் இப்படி ஒரு ஆலை போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நம் சந்தைத் தக்காளியில் தண்ணீர் அதிகம், சதை குறைவு. விழுது காய்ச்சினால் கட்டுப்படியாகாது. அதற்கென்று வேறு ரகம் வேண்டும். விலை சரியும் வருடமெல்லாம் தக்காளி ஆலை பற்றி அறிக்கை வருவதற்கும் ஆலை வராததற்கும் இது ஒரு காரணம்.

அடுத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். என் சோறே இதில்தான் என்பதால் கொஞ்சம் மனசு விட்டே சொல்கிறேன். 2002-இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். பத்து விவசாயிகள் சேர்ந்தால் பதிவு செய்யலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் தனி ஆளுக்கு ஒரே ஓட்டு. 2020-இல் மத்திய அரசு 10,000 நிறுவனங்கள் என்று இலக்கு வைத்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர். நிர்வாகச் செலவுக்கு மூன்று வருடத்தில் 18 லட்சம். பங்குத் தொகைக்கு இணையாக உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாமல் மானியம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

களத்தில் பாருங்கள். 300 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் 3 லட்சம். மானியம் 3 லட்சம். மொத்தம் 6 லட்சம். செய்யாறு, வந்தவாசி பக்கம் மணிலா என்று சொல்லும் வேர்க்கடலை, குவிண்டால் 7,000 என்றால், 10 டன் லாரி லோடு ஒன்றுக்கே 7 லட்சம் வேண்டும். 300 குடும்பத்தின் கம்பெனி, ஒரு லாரி சரக்கை முழுசாக வாங்க முடியாது. வாங்கினாலும் எண்ணெய் ஆலைக்காரர் காசு தர நாற்பது நாள் ஆக்குவார். அதுவரை மற்ற விவசாயிகள் காத்திருப்பார்களா? ரொக்கம் கொடுக்கும் உள்ளூர் வியாபாரியிடம் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வருடம் முடிந்து நிர்வாக மானியம் நின்றதும் சி.இ.ஓ. வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆடிட்டர் கட்டணமும் தாக்கல் செய்யாத ஆண்டறிக்கைக்கு அபராதமும் மட்டும் மிஞ்சும். இப்படிப் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும் அலுவலகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிழைத்த நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாமே முதல் இரண்டு வருடம் விளைபொருளைத் தொடவில்லை. உரம், விதை உரிமம் எடுத்து உறுப்பினருக்கு விற்றன. களை எடுக்கும் இயந்திரம், பவர் டில்லர் வாடகைக்கு விட்டன. 2017-18-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 20 பேர் கொண்ட ஐந்து ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து 100 பேர் ஆனால் இயந்திரம் வாங்க 5 லட்சம் கொடுத்தார்கள். அந்தக் காசைச் சரியாகப் பயன்படுத்திய குழுக்களுக்கு அதுவே அடித்தளம். உழவுக்கூலி ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் குறைந்தால் அது நிச்சயமான ஆயிரம். எந்த மழையும் அதைக் கொண்டுபோகாது. சென்னைக்காரர்கள் எல்லாரும் விவசாயிக்கு விலை கூட்டத்தான் வருகிறோம். செலவைக் குறைக்க வருகிறவர் குறைவு.

முதல் இல்லாத பிரச்சினையை நாசிக் பக்கம் சஹ்யாத்ரி ஃபார்ம்ஸ் தீர்த்த விதம் படிக்க வேண்டியது. விலாஸ் ஷிண்டே முன்னின்று கட்டிய, திராட்சை விவசாயிகளின் உற்பத்தியாளர் கம்பெனி அது. உற்பத்தியாளர் அல்லாதவருக்கு அதில் பங்கு கொடுக்கச் சட்டம் இடம் தராது. அதனால் பதப்படுத்துவதற்கென்று துணை நிறுவனம் ஒன்றை வைத்து, 2022-இல் அதில் வெளிநாட்டு முதலீட்டாளர்களிடமிருந்து 310 கோடி ரூபாய் திரட்டினார்கள். தாய் நிறுவனம் விவசாயிகளுடையதாகவே இருந்தது. ஆனால் அங்கே பயிர் ஏற்றுமதித் திராட்சை. கையகல மானாவாரி நிலத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

ஒப்பந்தப் பண்ணையம் பற்றியும் கேட்பீர்கள். 2019-இல் தமிழ்நாடு இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வரும் முன்பே பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், உழைப்பு விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. சந்தையில் கோழி விலை பாதியாகச் சரிந்தாலும் அந்த அடி கம்பெனிக்கு. நான் சொன்ன அளவுகோலில் இது தேறுகிறது. ஒரே ஓட்டை: கொட்டகைக் கடன் விவசாயி பேரில். அடுத்த குஞ்சை இறக்காமல் கம்பெனி நாள் கடத்தினால் காலிக் கொட்டகைக்குத் தவணை கட்ட வேண்டும். அதனால் ஒப்பந்தம் எழுதும்போது, விலையோடு, வருடத்துக்கு எத்தனை முறை குஞ்சு இறக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும். காய்கறி ஒப்பந்தத்துக்கும் இதே கதைதான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த ஏற்பாடு, யாரும் மேடையில் பேசாத ஒன்று: ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கிடைக்கும் பொருளீட்டுக் கடன். அறுவடை மாதத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை விழுகிறது. அப்போது சரக்கை அரசுக் கிடங்கில் வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை 5 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, 180 நாளுக்குள் விலை வரும்போது விற்கலாம். பிறகு ஏன் சிறு விவசாயிகள் கூட்டமாகப் போவதில்லை? ஆறு மூட்டை உளுந்துக்கு வண்டி வாடகை கட்டாது. ஈரம் காய வேண்டும், சாக்கு வேண்டும், கிடங்குக்கு இரண்டு முறை அலைய வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஒரு தொழில் இருக்கிறது. வீட்டு வாசலில் எடை போட்டு, காயவைத்து, இருபது பேர் சரக்கை ஒரே நடையில் கிடங்கில் சேர்த்து, ரசீதும் கடனும் வாங்கிக் கொடுத்து, மூட்டைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் எடுப்பது. பளபளப்பு இல்லைதான். ஆனால் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக அவசரத்தில் விற்க வேண்டிய அவசியத்தை இது எடுத்துவிடுகிறது.

சரி, நீங்கள் நால்வரும் என்ன செய்யலாம்?

காய்கறியை விட்டுவிடுங்கள். அழுகாத பொருளுக்கு வாருங்கள்: அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், வெல்லம், சிறுதானியம். மிச்சம் இருந்தால் அடுத்த மாதம் விற்கலாம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய ரகங்களை மீட்ட, மறைந்த நெல் ஜெயராமன், 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கிவந்தார். எந்த மேலாண்மைக் கல்லூரியிலும் படிக்காத தொழில் மாதிரி அது. உங்களுக்கு இன்னும் பக்கத்தில், தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் செய்ததைக் கேட்டுப் பாருங்கள். சாமையும் தினையும் அங்கே குறைந்துபோனதற்கு ஒரு காரணம், பெண்கள் உரலில் இடித்துத் தோல் நீக்க வேண்டியிருந்ததுதான். ஊருக்குள் அரவை இயந்திரம் வந்தது பெரிய உதவியாக இருந்தது.

அரிசி என்றால் கணக்கு இப்படி வரும். 50 வீடு, மாதம் 10 கிலோ, ஆறு மாதம்: 3,000 கிலோ அரிசி. அதற்குச் சுமார் 5 டன் நெல். பாரம்பரிய ரகம் ஏக்கருக்கு 12, 13 குவிண்டால்தான் தரும் என்று வைத்தால் 4 ஏக்கர். அதாவது 50 வீடு சேர்ந்தால் இரண்டு விவசாயக் குடும்பம். உங்கள் திட்ட அறிக்கையில் "ஆயிரம் விவசாயிகள்" என்று எழுதும் முன் இந்த விகிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் பாதி என்பதால், செலவு ஏக்கருக்கு 10,000 குறைந்தால்கூட, குவிண்டால் 4,200-க்குக் கீழே பேசினீர்கள் என்றால் அவருக்கு இப்போது போடும் சாதாரண நெல்லே மேல். அரிசி சென்னைக்கு வந்து சேரும்போது கிலோ 85, 90 ஆகும். அந்த விலையை ஐம்பது வீடும் கொடுக்குமா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் முக்கியமானது, காசு ஆடியிலேயே போக வேண்டும். விதைக்கும்போது பாதி, தையில் புத்தரிசி வந்ததும் மிச்சம். மழையில் விளைச்சல் குறைந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 10 கிலோவுக்குப் பதில் 7 கிலோதான், கொடுத்த முன்பணம் திரும்ப வராது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 50 வீட்டில் 30 வீடு விலகிப் போகும். போகட்டும். நிற்கிற 20 வீடுதான் உங்கள் தொழில். அந்த 3 கிலோ குறைவை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். அதே அடி முழுசாக ஒரே வீட்டில் விழுந்தால் அங்கே கம்மல் அடகுக்குப் போகும்.

நிலம் யாருடையது என்பதையும் விசாரியுங்கள். உத்திரமேரூர் பக்கம் நீங்கள் சந்திக்கப்போகிறவர்களில் குத்தகைக்காரர்கள் இருப்பார்கள். பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகை, கையில் காகிதம் இருக்காது. வங்கிக் கடனும் காப்பீடும் அவர்களுக்கு எட்டாது. உங்கள் முன்பணம் அவர்களுக்குத்தான் அதிகம் உதவும். அதே சமயம் திரும்பக் கேட்க உங்களிடம் எந்தப் பிடியும் இருக்காது. இரண்டும் தெரிந்தே கொடுங்கள்.

செயலி, லோகோ, பையில் அச்சடிக்கும் வாசகம் எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஈரப்பத மீட்டர் ஒன்றும் தார்ப்பாய் நாலும் வாங்குங்கள். 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிற நெல்லை மூட்டை கட்டி, முதல் வருடமே என் பத்து மூட்டை பூஞ்சை பிடித்தது. பொங்கல் கழித்து ஒரு வாரம் நான் அந்தப் பக்கம்தான் இருப்பேன், அறுவடை நேரம். காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்குத் தாம்பரத்தில் ஏறிக்கொள்ள முடிந்தால் வாருங்கள்.